உப்போடு வந்த கார்

என் ஓரகத்தி ஹோர்லோவின் கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, ஒரு கொக்கித் தராசு இருக்கும். சந்தையில் ஆட்டுக்கறி வாங்கினால், கடைக்காரன் நிறுத்துக் கொடுத்ததைத் தன் கொக்கியில் மாட்டி இன்னொரு தடவை நிறுத்த பிறகுதான் பணத்தை எடுப்பாள். பால் வாங்கினால் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். ஓடினால் தண்ணீர் கலந்த பால். ஓடாமல் நின்றாலும், "மாவு கலந்திருப்பான்" என்பாள்.

பாலர் பள்ளியில் சமையல் வேலை அவளுக்கு. குழந்தைகளுக்கென்று வரும் வெண்ணெயில் அவள் காலத்தில் யாரும் விரல் வைத்ததில்லை. தலைமை ஆசிரியைகள் நாலு பேர் மாறினார்கள், ஹோர்லோ மாறவில்லை. நாலு பேருக்கும் அவளைப் பிடிக்காது, நாலு பேரும் அவளை அனுப்பவும் இல்லை. சந்தேகப் பிராணி ஒன்று அடுப்படியில் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் வடக்கு மேட்டில், ஒரே வேலிக்குள் எங்கள் கூடாரமும் அவளுடைய இரண்டறை வீடும் இருக்கின்றன. அவள் புருஷன் கோம்போவும் என் புருஷன் லுவ்சானும் அண்ணன் தம்பிகள். கோம்போ போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. மகன் தெமூலென் தெற்குப் பாலைவனத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவன் மனைவி சோல்மோன் ஐந்து வருஷமாக ஜப்பானில், தொயாமா என்கிற ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவர்கள் மகள் அனுஜின் பாட்டியிடம் வளர்கிறாள். ஒன்பது வயது.

போன கோடையில் சோல்மோன் போனில் கேட்டாள்: "அம்மா, இப்ப எனக்குப் பிள்ளையைக் கூப்பிட்டுக்க அனுமதி இருக்கு. வீடும் பெருசாப் பாத்துட்டேன். அவரும் இந்த லாரி ஒப்பந்தம் முடிஞ்சதும் வர்றேங்கறாரு. அனுஜினை அனுப்புறீங்களா?"

ஹோர்லோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"அஞ்சு வருஷமா அங்க யாரோட இருக்கா, என்னத்தத் திங்கறா, யாருக்குத் தெரியும்? போன்ல மூஞ்சி மட்டும்தானே தெரியுது பூஜ்மா. மூஞ்சிக்குப் பின்னால ஒரு சுவரு. எப்பவும் அதே சுவரு. சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னன்னு நீ பாத்தியா?"

"நான் எங்கக்கா பாத்தேன்."

"அதான் சொல்றேன்."

தெமூலெனிடம் கேட்டால், "அம்மா சொல்றபடி" என்று லாரியில் ஏறிவிடுவான். அதனால் முடிவு ஹோர்லோவின் கையில் இருந்தது. அனுஜினும் அதைத் தெரிந்துகொண்டு, பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். சோற்றை மிச்சம் வைப்பதில்லை. கேட்காமலே தண்ணீர் வண்டியைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அது எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கார்ப் பேச்சு வந்தது. எங்கள் மேட்டில் குளிர்காலத்தில் பாதை கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். பேருந்து கீழே பெரிய சாலையோடு நின்றுவிடும். அனுஜின் பள்ளிக்குப் போவதற்குள் மேட்டு வீடுகளின் கரியடுப்புப் புகையில் இருமி இருமிக் கண் சிவந்துவிடும். "நான் இங்கேருந்து ஒரு பழைய கார் வாங்கி அனுப்பறேம்மா" என்றாள் சோல்மோன். ஊரில் பாதிப் பேர் ஓட்டுகிற அதே பிரியஸ்தான். ஹோர்லோவுக்கு ஓட்டத் தெரியும். கோம்போவின் ஜீப்பை இந்த மேட்டில் பின்னோக்கியே ஏற்றியவள்.

"அனுப்பட்டும்" என்றாள் ஹோர்லோ. "கார் வரட்டும். வந்த காரைப் பாத்துட்டு பிள்ளை விஷயத்தைச் சொல்றேன். பொய் சொல்றவ வாங்கற பொருள்லயும் பொய் இருக்கும்."

இதைப் போனிலேயே சோல்மோனிடமும் சொன்னாள். "சரிம்மா" என்று மட்டும் பதில் வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் கார் வாங்கியாயிற்று என்று படம் வந்தது. வெள்ளைக் கார். "ஏலத்துல மலிவா எடுத்தேன். சின்ன அடிகூட இல்ல."

"வெள்ளையில அழுக்கு பளிச்சுனு தெரியும்" என்று ஹோர்லோ யோசித்தாள். "தெரிஞ்சும் வெள்ளையா வாங்கியிருக்கான்னா, நாம அழுக்கைத் தவிர வேறெதையோ பாத்துடக் கூடாதுன்னு நினைக்கிறா."

வாங்கிய கார் கப்பல் ஏறவில்லை. செப்டம்பரில் கேட்டால் துறைமுகத்தில் கூட்டம் என்றாள். முதல் பனி விழுந்த பிறகு கேட்டால் கப்பலில் இடம் இல்லை என்றாள்.

"கப்பல்ல எடமில்லையாம். விட்டா கடல்லயே எடமில்லைம்பா" என்றாள் ஹோர்லோ. "வாங்கவே இல்ல பூஜ்மா. எவனோ நிறுத்தின காருக்குப் பக்கத்துல நின்னு படம் புடிச்சிருக்கா."

அக்டோபர் நடுவில் ஒரு நாள் திடீரென்று, "நாளைக்கு ஏத்தறாங்கம்மா" என்று செய்தி வந்தது. ஹோர்லோ உடனே போன் போட்டாள். வழியில் பேட்டரியை மாற்றிப் பழையதைச் சொருகிவிடுவார்கள், சக்கரத்தைக் கழற்றிவிடுவார்கள், இதெல்லாம் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள்.

"நம்ம குறியைப் போடு. நாலு சக்கரத்துலயும், மாத்துச் சக்கரத்துலயும், ஜாக்கியிலயும், பின் சீட்டுக்குப் பின்னால பேட்டரி மூடியிலயும்."

எங்கள் மாமனார் குதிரைகளின் தொடையில் சுட்ட குறி அது: ஒரு பிறை, அதன் கீழே ஒரு கொக்கி. குதிரைகள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. சூட்டுக்கோல் மட்டும் ஹோர்லோவின் அடுப்படிச் சுவரில் தொங்குகிறது.

"அம்மா, இது கார். குதிரை இல்ல."

"திருட்டுப் போறதுன்னு வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான். போடு."

நவம்பரில் கார் சீனா வழியாக எல்லைக்கு வந்துவிட்டது. வழக்கமாக அங்கே இருக்கிற ஓட்டுநர்களில் ஒருவனுக்குச் சொன்னால் ஊர்வரை ஓட்டி வந்து வாசலில் நிறுத்துவான். ஹோர்லோ கேட்பாளா? "அவன் ஓட்டிட்டு வர்றதுக்குள்ள காருக்குள்ள இருக்கற காத்துகூட மாறியிருக்கும்." லுவ்சானுக்கு முதுகு வலி, அனுஜினை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. துணைக்கு நான். ஒரு சீசா பாலை அங்கியின் உள்பக்கம் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஹோர்லோ ரயில் ஏறினாள். புதிதாக வரும் வண்டியின் சக்கரங்களுக்குத் தெளிக்கிற பால்.

எல்லை ஊரான ஜமின் ஊத்தில் காலையில் இறங்கியபோது மணலும் பனித்தூளும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. சுங்கக் கொட்டடியில் வரிசை வரிசையாகக் கார்கள், எல்லாம் மண் பூசிக்கொண்டு. எங்களுடையதைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. நாலு சக்கரத்திலும் பிறையும் கொக்கியும் வெள்ளை வண்ணத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது போல ஒழுங்காக.

பக்கத்தில் நின்ற ஒரு ஆள் சிரித்தான். "அக்கா, இது குதிச்சு ஓடுமா, நடை நடையாப் போகுமா?"

ஷாக்தார் என்று பெயர். யாரோ வியாபாரிக்காக ஒரு காரை ஊருக்கு ஓட்டிப் போக வந்தவன். ஐம்பது வயதிருக்கும், முன்பல் ஒன்று தங்கம். ஜப்பானில் கார் உடைக்கிற இடத்தில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தவனாம். "நானும் அந்த வழிதான். சேர்ந்தே போலாம். வழியில வண்டி நின்னா ஒருத்தருக்கொருத்தர் உதவி."

"ஏன் நிக்கும்? நிக்கற மாதிரி ஏதாவது பண்ணியிருக்கியா?" என்றாள் ஹோர்லோ.

"ஆத்தா!" என்று அவன் என்னைப் பார்த்தான். "இவங்க எப்பவுமே இப்படியா?"

"இன்னிக்குக் கொஞ்சம் தேவலை" என்றேன்.

ஹோர்லோ உட்கார்ந்து சாவியைப் போடவில்லை. மூக்கை நீட்டி மோந்தாள். "ஊதுபத்தி."

எனக்கும் அடித்தது. கோயில் வாசனை, லேசாக, சீட்டுத் துணிக்குள் ஊறிப் போனது.

"கெட்ட நாத்தத்தை மறைக்கக் கொளுத்தியிருப்பாங்க" என்றாள். பிறகு தன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதைக் கவனித்தாள். சீட்டு மிகவும் முன்னால் தள்ளியிருந்தது. "பாத்தியா. இதைக் கடைசியா ஓட்டினது ஒரு குள்ளமான பொம்பளை."

"கப்பல்ல ஏத்தினவன் குள்ளமா இருந்திருப்பான்."

"நீ எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க. அதுவும் நல்லதுக்கில்ல."

பால் சீசா வெளியே வரவில்லை. "தெளிக்கலையா அக்கா?" என்று கேட்டேன். "இது என்ன காருன்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததுக்கெல்லாம் பாலை ஊத்துவாங்களா?"

இரண்டு மணி நேரம் போல ஓட்டியிருப்போம். ஷாக்தாரின் கார் பின்னாலேயே வந்தது, ஹோர்லோ பாதி நேரம் சாலையையும் பாதி நேரம் கண்ணாடியில் அவனையும் பார்த்தாள். கார் சத்தமில்லாமல், நல்ல பிள்ளையாக ஓடியது. அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. வெட்டவெளியில் ஓரம் கட்டினாள். "பேட்டரியப் பாக்காம எனக்கு டீ இறங்காது."

பின் சீட்டை இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்தாள். மூடியைத் தேய்த்தாள். பிறையும் கொக்கியும் இருந்தன. பக்கத்தில் ஜாக்கி, அதிலும் இருந்தன. மாற்றுச் சக்கரத்திலும் இருந்தன.

"எல்லாம் சரியா இருக்குக்கா" என்றேன். குளிரில் பல் தந்தியடித்தது. "வா, டீ குடிக்கலாம்."

"எல்லாம் சரியா இருந்தா எங்கயோ ஒண்ணு சரியில்லன்னு அர்த்தம்." முட்டி போட்டு, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் விரிப்பைக் கிளப்பினாள். கையை உள்ளே விட்டவள் எதையோ பிடித்து வெளியே எடுத்தாள்.

சின்னஞ்சிறு காகிதப் பொட்டலம், வெள்ளை. மேலே சாம்பல் நிறத்தில் ஜப்பான் எழுத்து. ஓரத்தைக் கிழித்து, விரலை நனைத்து, தொட்டு நாக்கில் வைத்தாள். எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் தொழில் பழக்கம்.

"உப்பு" என்றாள்.

அவள் முகம் இளகியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்களில் யாரும் யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கைப்பிடி மாவாவது, ரெண்டு மிட்டாயாவது போட்டுத்தான் கொடுப்போம். எங்கள் டீயில் சர்க்கரை கிடையாது, உப்புதான். "வெறும் காரா அனுப்பல பாத்தியா பூஜ்மா? உள்ள எதுவும் வைக்கக் கூடாதுன்னு சுங்கத்துல சட்டமாம். அதுக்காக யாருக்கும் தெரியாம டீக்கு உப்பு வச்சிருக்கா." ஒரு கணம் தன் மருமகளைப் பற்றித் தானே பெருமைப்படுவதைக் கண்டு சங்கடப்பட்டாள் போல. "சரி. பொறந்த வீட்டுல ஏதோ சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பியிருக்காங்க."

என் பிளாஸ்கைத் திறந்து மோந்தாள். "நீ போட்ட டீயில எப்பவும் உப்பு பத்தாது. வெந்நீர்ல பாலைக் காட்டின மாதிரி இருக்கும்." பொட்டலத்தை அப்படியே அதில் கொட்டினாள். குலுக்கினாள். மூன்று கிண்ணம் ஊற்றினாள். ஷாக்தாரையும் கூப்பிட்டுக் கொடுத்தாள், அதுவே ஒரு அதிசயம். சூடாக இருந்தது, உப்பும் இப்போது சரியாகத்தான் இருந்தது. நான் இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

காகிதம் காற்றில் பறக்கப் பார்த்தது. ஷாக்தார் காலால் மிதித்து எடுத்தான். பார்த்தான். வாயிலிருந்த டீயை அப்படியே பனியில் துப்பினான்.

"அக்கா! இது எங்கேருந்து வந்துச்சு?"

"கார்லேருந்து. ஏன்?"

"இது சாவு வீட்டுல தர்ற உப்பு! காரியத்துக்குப் போய்ட்டு வந்தா, வாசல்ல நின்னு இதை மேல தூவிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழைவாங்க. என் முதலாளி செத்தப்ப எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. திங்கக் கூடாதுன்னு இதோ எழுதியே இருக்கு!"

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ரொம்பத் தாமதம், அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஹோர்லோ காரைப் பார்த்தாள். ஊதுபத்தி. மலிவு விலை. ஏறவே ஏறாத கப்பல். முன்னால் தள்ளின சீட்டு. அவள் மனதில் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்த் தன் தன் இடத்தில் உட்காருவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

"செத்தவன் கார்" என்றாள். "என் பேத்தி உக்காரப் போற கார்."

ஷாக்தார் தொண்டையைச் செருமினான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வேணாம்னா, எல்லையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். வந்த விலைக்கே எடுத்துக்குவான்."

"ஏன், செத்தவன் கார் எனக்குத்தான் ஆகாது, உனக்கு மட்டும் ஆகுமா? டீயைத் துப்பினவன் காரை மட்டும் முழுங்கப் பாக்கறியே!"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று அவன் தன் காருக்குப் போய்விட்டான். ஆனாலும் எங்களை விட்டு முன்னால் போகவில்லை.

வழியில் சாய்ன்ஷாந்த் ஊரில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தோம். அங்கேதான் போனில் முகம் தெரிகிற அளவுக்கு இணைப்பு கிடைத்தது. ஆட்டுக்கறி போட்ட நூடுல்ஸ் வந்து ஆறிக்கொண்டிருந்தது. ஹோர்லோ போனை மிளகுப் புட்டியில் சாய்த்து வைத்தாள். சோல்மோன் வெளிர்நீலச் சீருடையில் வந்தாள், பின்னால் இன்று வேறு சுவர்.

"கார் கிடைச்சுதாம்மா? குறியெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. விரிப்புக்கு அடியில ஒரு பொட்டலமும் இருந்துச்சு."

திரையில் சோல்மோனின் முகம் ஒரு நொடி அசையவில்லை. இணைப்புதான் போய்விட்டதோ என்று நான் நினைத்தேன்.

"அதுவா... டீக்குன்னு வச்சேம்மா. வெறும் காரா அனுப்ப மனசு வரல."

"திங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கற உப்பையா?"

அடுத்த மேஜையில் ஷாக்தார் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான், காது மட்டும் எங்கள் பக்கம்.

"யார் செத்தது?" என்றாள் ஹோர்லோ. "யாருடி அந்த ஆளு? அவன் காரை நீ ஏன் ஓட்டின? அந்தச் சீட்டு உன் கால் அளவுக்கு இருக்கு. நான் என்ன, குருடியா?"

"கிதாமுரா தாத்தா" என்றாள் சோல்மோன். குரல் இறங்கிவிட்டது. "எங்க இல்லத்துல இருந்தவரு. எண்பதுக்கு மேலம்மா. பொண்ணு தோக்கியோவுல, வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். லீவு நாள்ல அவரை அவர் கார்லயே கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவேன். போகும்போது பாட்டுப் பாடுவாரு, ஒரே பாட்டு. ஆகஸ்ட்ல தூக்கத்துலயே போயிட்டாரு. ஆஸ்பத்திரியில, படுக்கையில. கார்ல இல்லம்மா, கார்ல இல்ல. அவர் பொண்ணுதான், நீ ஓட்டின வண்டி, நீயே எடுத்துக்கன்னு குறைஞ்ச விலைக்குக் குடுத்துச்சு."

"ஏலம்னு சொன்னியே?"

"செத்தவரு காருன்னா நீங்க தொடுவீங்களா?"

"மாட்டேன்."

"காரைப் பாத்துட்டுத்தான் பிள்ளையை அனுப்புவேன்னீங்க. நல்ல காரா வாங்க எங்கிட்ட வேற வழியில்ல. இதைவிட நல்ல காரும் இல்ல."

"அப்ப கப்பல்ல எடமில்லைன்னது?"

சோல்மோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையாகத் தெரியவில்லை, எரிச்சல் போல இருந்தது.

"கப்பல்ல எடம் இருந்துச்சு. நான்தான் ஏத்தல. போனவங்க பொருளைத் தொடக் கூடாத நாப்பத்தொம்பது நாளும் ஆகட்டும்னு விட்டு வச்சேன். இங்கயும் நம்மூர் மாதிரி அதே கணக்குதாம்மா. அதுவரைக்கும் காரை நானும் தொடல, பஸ்லதான் வேலைக்குப் போனேன். முடிஞ்ச மறுநாள் கோயில்ல பத்தி கொளுத்தி, காருக்கு உப்பு போட்டு, அப்புறம்தான் துறைமுகத்துல விட்டேன். இன்னொரு பொட்டலத்தை, வழியில காவலா இருக்கட்டும்னு விரிப்புக்குக் கீழ வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மாமா போனப்ப அவர் ஜீப்பை நீங்க யாரையும் தொட விடல. எனக்கு வலி வந்த அன்னிக்குக்கூட விடல. நிலக்கரி லாரியிலதான் என்னை ஏத்தி அனுப்புனீங்க."

நூடுல்ஸ் தட்டைச் சுற்றியிருந்த ஆவி எப்போதோ நின்றுவிட்டது. அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருந்தது. ஜீப் வேலிக்குள் பனி மூடி நின்றுகொண்டிருக்க, லுவ்சான் தெருவில் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு லாரியை எழுப்பிக்கொண்டு வந்தார். சோல்மோன் கரிமூட்டைக்கு மேல் கம்பளியில் படுத்துக்கொண்டு போனாள். இரவு அனுஜின் பிறந்தாள். அதைப் பற்றி எங்கள் வேலிக்குள் ஒருவரும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

"இன்னும் அதை மறக்கலையாடி நீ?" என்றாள் ஹோர்லோ.

"மறந்திருந்தா காரை வாங்கின மறுநாளே அனுப்பியிருப்பேன்."

ஹோர்லோ போனை எடுத்து அணைத்தாள். "இருடி" என்றுகூடச் சொல்லவில்லை. ஆறின நூடுல்ஸை முழுக்கச் சாப்பிட்டாள், காசு கொடுத்தாயிற்றே. என் தட்டில் மிச்சம் இருந்ததையும் இழுத்துச் சாப்பிட்டாள்.

சோயிர் ஊரைத் தாண்டி, ஒரு மேட்டில் மலைத்தெய்வத்துக்குக் குவித்த கல்குவியல் தெரிந்தது, கம்பத்தில் நீலத் துணிகள் படபடத்தன. மற்ற வண்டிகள் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அதை மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டதாகக் கணக்கு. ஹோர்லோ நிறுத்தினாள். இறங்கி, அந்தக் காற்றில், மூன்று சுற்றும் காலால் நடந்தே சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல். பிறகு அங்கிக்குள் கையை விட்டுச் சீசாவை எடுத்தாள். மார்புச் சூட்டில் பால் உறையாமல் இருந்தது.

நாலு சக்கரத்துக்கும் ஊற்றினாள். குறி போட்ட இடத்தில் படும்படி. கொஞ்சம் மிச்சம் வைத்து என்னைக் கேட்டாள்: "அந்த ஆளு பேரு என்ன சொன்னா?"

"கிதாமுரா."

"வாயில நுழையல." கிழக்கே திரும்பி நின்று, மிச்சத்தை வானத்தைப் பார்த்து வீசினாள். "ஐயா, உங்க காரை எடுத்துட்டுப் போறோம். உங்க உப்பைத் தெரியாம குடிச்சுட்டோம். குடிச்சது குடிச்சதுதான். இனிமே உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது. கார்ல என் பேத்தி உக்காருவா, பாத்துக்குங்க."

ஷாக்தாரும் இறங்கி ஒரு கல்லைப் போட்டான். "நான் துப்பிட்டேனே ஐயா" என்றான் வானத்தைப் பார்த்து. ஹோர்லோ அன்றைக்கு அப்போது ஒரு தடவை சிரித்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது அனுஜின் லுவ்சானின் பெரிய காலணியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். காரைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், பாட்டி மாதிரியே. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பாட்டி, கார் நல்லா இருக்கா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஹோர்லோ கதவைப் பூட்டினாள், பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"அங்க பள்ளிக்கூடம் எப்பத் தொறக்கறாங்கன்னு உங்கம்மாகிட்டக் கேளு" என்றாள்.

அதன் பிறகும் அவள் கோயிலுக்குப் போய் லாமாவிடம் கார் விஷயத்தைக் கேட்டாள். நாள் கழிந்துவிட்டது, குற்றமில்லை, தூபம் மட்டும் காட்டு என்றார் அவர். "சட்டுனு சொல்லிட்டாரு. யோசிக்கவே இல்ல" என்று இன்னொரு கோயிலுக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். குளிர்காலம் முழுக்க அனுஜின் அந்தக் காரில்தான் பள்ளிக்குப் போனாள். எங்கள் மேட்டில் பிள்ளைகள் அதைக் குதிரைக் கார் என்று கூப்பிட்டார்கள்.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை முடிந்து, மார்ச்சில் சோல்மோன் மகளை அழைத்துப் போக வந்தாள். ஹோர்லோ அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இளைச்சுட்ட" என்றாள். "அங்க கறியை எப்படி நிறுத்துத் தர்றாங்க?" சோல்மோன் சிரித்தாள். ஜீப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒரு காலையில் நான் எழுந்தபோது, ஹோர்லோ அவளுக்குக் காரின் முன்கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், "நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றபடி.

புறப்படுகிற அன்று அனுஜினின் பையில் ஹோர்லோ ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். எனக்கு அடையாளம் தெரிந்தது. அதே வெள்ளைக் காகிதம், அதே சாம்பல் எழுத்து. ஷாக்தாரிடமிருந்து வாங்கியதை அவள் தூக்கி எறியவே இல்லை. கிழித்த ஓரத்தை ஒட்டியிருந்தாள், உள்ளே எங்கள் ஊர் ஏரி உப்பு.

"வெறும் காகிதமாத் திருப்பி அனுப்பக் கூடாது" என்றாள் சோல்மோனிடம். "அந்தப் பெரியவர் சமாதியில வை. தின்னலாம், இது திங்கற உப்புதான்னு சொல்லு."

விமான நிலையத்துக்கு ஹோர்லோவே ஓட்டினாள். பயணம் போகிறவர்களுக்குப் பின்னால் நின்று பால் தெளிக்கிற வேலை எனக்கு. சீசாவை என் கையில் தருவதற்கு முன் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள், அவளே வாங்கி வந்த பாலைத்தான்.

கார் வேலியைத் தாண்டியது. அனுஜின் பின்கண்ணாடியில் இரண்டு கையையும் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் தெளித்தேன், ஒரு தடவை, இரண்டு தடவை. மேடு இறங்குகிற இடத்தில் கார் நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது, பாதி ஊர் எழுந்திருக்கும் அளவுக்குக் குரல் வந்தது.

"பூஜ்மா! இன்னும் ஒரு வீச்சுக்குப் பால் இருக்கு, கண்ணாடியில பாத்துட்டேன். டீக்குன்னு மிச்சம் பிடிக்காதே!"

நான் சீசாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் கார் நகர்ந்தது.